ஏரி எத்தனை நாள் முன்கூட்டிச் சொல்லும்?

1987 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநில அரசு ஓர் ஏரியை இறைக்கத் தொடங்கியது. கிரேட் சால்ட் லேக் என்ற அந்த உப்பு ஏரி 1982 இலையுதிர் காலத்திலிருந்து ஏறக்குறைய 12 அடி உயர்ந்திருந்தது. நெடுஞ்சாலை, ரயில் பாதை, உப்பளங்கள், பறவைகள் இறங்கும் சதுப்பு நிலம் என்று கரையோரம் இருந்த எல்லாவற்றிலும் தண்ணீர். சுமார் 6 கோடி டாலர் செலவில் மேற்குப் பாலைவனத்தின் ஓரம் மூன்று ராட்சத பம்புகளை நிறுவினார்கள். ஏரி நீரை மேலேற்றிப் பாலைவனப் பள்ளத்தில் பரப்பிவிட்டால் வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்பது திட்டம்.

பம்புகள் ஓட ஆரம்பித்த அதே பருவத்தில் ஏரி தன் உச்சத்தைத் தொட்டுவிட்டிருந்தது: கடல்மட்டத்துக்கு மேல் 4,211.85 அடி. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகள் வறட்சி ஆண்டுகள். 25 லட்சம் ஏக்கர்-அடிக்கும் மேல் இறைத்துவிட்டு 1989 ஜூனில் பம்புகளை நிறுத்தினார்கள். ஏரி தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

அரசைக் கேலி செய்வது எளிது. ஆனால் 1986-இல் அந்த மேசையில் உட்கார்ந்திருந்த பொறியாளருக்கு, அடுத்த ஆண்டு ஏரி இன்னும் ஏறுமா, இறங்குமா என்று சொல்ல என்ன கருவி இருந்தது? மழைப் பதிவுகளின் சராசரியும் அதைச் சுற்றிய நிகழ்தகவும்தான். அந்தக் கணக்கு 1983 முதல் 1987 வரை நடந்ததை மிக அபூர்வமான ஒன்றாகவே காட்டியிருக்கும். அபூர்வம் என்று தெரிந்துகொண்டு ஓர் அரசு என்ன செய்ய முடியும்? இந்த இடத்தில்தான், சில ஆண்டுகள் கழித்து, கேயாஸ் கோட்பாடு ஏரிக்கரைக்கு வந்தது.

தமிழ் வாசகருக்கு ஏரி என்றால் மதகும் கலிங்கும் உள்ள ஏரி. நிரம்பினால் கலிங்கு வழியாக மறுகால் பாயும். அந்த அளவுக்கு மேல் ஏரிக்கு வளர்ச்சி இல்லை. கிரேட் சால்ட் லேக்குக்குக் கலிங்கு கிடையாது. பேர், வீபர், ஜோர்டன் என்ற மூன்று ஆறுகள் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. வரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆற்று நீர், மிச்சத்தில் பெரும்பகுதி நேரடி மழையும் பனியும், சிறிதளவு நிலத்தடி ஊற்று. வெளியேறும் வழி ஒன்றே ஒன்று, ஆவியாதல். ஆறுகள் கொண்டுவரும் உப்பு மட்டும் எங்கும் போக முடியாமல் தங்கிவிடுகிறது.

கேட்பதற்கு எளிய கணக்கு. வரவு, செலவு, இருப்பு. சிக்கல் எங்கே என்றால், செலவு இருப்பைப் பொறுத்து மாறுகிறது. ஏரி மிகவும் ஆழம் குறைந்தது. நீர்மட்டம் 4,200 அடியில் இருக்கும்போது மிக ஆழமான இடத்திலேயே 33 அடிதான். பரப்போ சுமார் 4,400 சதுர கிலோமீட்டர். தட்டு மாதிரி விரிந்த தரை என்பதால் ஓர் அடி ஏறினாலும் தண்ணீர் மைல் கணக்கில் பரவும். பரவினால் ஆவியாகும் பரப்பு கூடும். இறங்கினால் பரப்பு சுருங்கும். கூடவே நீரில் உப்பு அடர்ந்து, அதே வெயிலுக்குக் குறைவாக ஆவியாகும். வரவு இருமடங்கானால் மட்டம் இருமடங்கு ஏறும் என்ற நேர்கோட்டு உறவு இங்கே எந்தத் திசையிலும் செல்லாது. கேயாஸ் முளைக்க இது ஏற்ற மண். ஆனால் மண் ஏற்றது என்பதாலேயே பயிர் முளைத்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இன்னொரு வசதியும் இந்த ஏரிக்கு உண்டு: நீண்ட பதிவேடு. குடியேறிகள் வந்த 1847-இலிருந்து அதன் மட்டம் தெரியும். அளவுகோல் நட்டது 1875-இல்தான். அதற்கு முந்தைய 28 ஆண்டுகள் எப்படித் தெரியும் என்பது தனிக்கதை. குரோவ் கார்ல் கில்பர்ட் என்ற நிலவியலாளர் 1870களில் கரையோரத்துக் கால்நடை வளர்ப்போரைத் தேடிப் போய் விசாரித்தார். ஏரியில் உள்ள தீவுகளுக்கு மாடுகளை ஓட்டிச் செல்ல மணல்திட்டு வழியாகத்தான் போக வேண்டும். எந்த ஆண்டு திட்டு காய்ந்து கிடந்தது, எந்த ஆண்டு தண்ணீர் குதிரையின் வயிற்றைத் தொட்டது, எப்போதிலிருந்து படகு தேவைப்பட்டது என்று கேட்டுக் கேட்டு, திட்டின் உயரத்தை அளந்து, பழைய நீர்மட்டங்களை அவர் மீட்டெடுத்தார். மேய்ப்பர்களின் ஞாபகம் இப்படித்தான் அறிவியல் தரவானது. ஒன்றேகால் நூற்றாண்டு கழித்துக் கணிப்பொறிக்குள் போன காலத் தொடரின் முதல் பகுதி இதுதான் என்பதை வாசகர் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

கேயாஸ் கோட்பாட்டைத் தமிழில் பலர் முதலில் கேள்விப்பட்டது 2008-இல் வந்த 'தசாவதாரம்' படத்தில். பட்டாம்பூச்சியின் சிறகடிப்பு அதற்குப் பிறகு மேடைப் பேச்சுக்கும் வாட்ஸாப்புக்கும் வந்துவிட்டது. எதுவும் எதையும் நிகழ்த்தலாம், உலகத்தில் எதையும் கணிக்க முடியாது என்பதுதான் அதன் சாரம் என்று நினைப்பவர்கள் நிறைய. கோட்பாடு சொல்வது கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம்.

எட்வர்ட் லாரன்ஸ் 1961 குளிர்காலத்தில் எம்.ஐ.டி.யில் ஒரு வானிலை மாதிரியைக் கணிப்பொறியில் ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய ஓட்டத்தின் நடுவிலிருந்து மறுபடி தொடங்க, அச்சிட்ட தாளில் இருந்த 0.506 என்ற எண்ணைத் தட்டினார். இயந்திரத்தின் நினைவில் இருந்தது 0.506127. அந்தச் சிறு வித்தியாசம் வளர்ந்து வளர்ந்து, மாதிரிக்குள் இரண்டு மாத வானிலை கடப்பதற்குள் புதிய ஓட்டத்துக்கும் பழையதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1963-இல் அவர் மூன்றே மூன்று சமன்பாடுகளைக் கொண்டு இதை நிறுவினார். அந்தச் சமன்பாடுகளில் தற்செயல் எதுவும் இல்லை. இன்றைய நிலை துல்லியமாகத் தெரிந்தால் நாளைய நிலை முடிவானது. துல்லியமாகத் தெரியாததால்தான் தொலைதூரம் கைவிட்டுப் போகிறது. ஆனால் குறுகிய தூரம் கைக்குள்ளேயே இருக்கிறது. தாறுமாறாகத் தெரியும் ஓர் அலைவுக்குப் பின்னால் சில விதிகளே இருக்கலாம், அப்படி இருந்தால் ஓரளவு நாட்களுக்கு அதை முன்கணிக்கலாம், அந்த 'ஓரளவு' எத்தனை நாள் என்பதையும் கணக்கிடலாம். ஏரி ஆய்வாளர்களை இழுத்தது இந்த மூன்றாவது வாக்குறுதி.

லாரன்ஸின் மூன்று சமன்பாடுகளும் கையில் இருந்தன. ஏரிக்கு அப்படி எதுவும் கையில் இல்லை. பசிபிக் கடலின் வெப்பம், மலைமேல் படியும் பனி, காற்று, மண்ணின் ஈரம் என்று எத்தனையோ காரணிகள். அளந்து வைத்திருப்பது நீர்மட்டம் ஒன்றை மட்டும். அந்த ஒற்றை அளவிலிருந்தே மற்றவற்றை அறியும் கதவைத் திறந்தவர்களில் முக்கியமானவர் டச்சுக் கணிதவியலாளர் ஃப்ளோரிஸ் டாக்கன்ஸ். பல காரணிகள் ஒன்றோடொன்று பின்னிய அமைப்பில் ஏதேனும் ஒன்றைத் தொடர்ந்து அளந்துவந்தாலே போதும், மற்றவற்றின் சுவடு அதற்குள் பதிந்திருக்கும் என்று 1981-இல் அவர் ஒரு தேற்றமாக நிறுவினார்.

செய்முறை இப்படி. இன்றைய ஏரிக் கொள்ளளவை எடுத்துக்கொள்க. சில மாதங்களுக்கு முந்தைய கொள்ளளவு, அதற்கும் அதே இடைவெளி முந்தையது, இன்னும் அதே இடைவெளி முந்தையது என்று நான்கு எண்களை வரிசையாக வைத்தால், நாற்பரிமாண வெளியில் (இதை நிலைவெளி என்பார்கள்) அது ஒரு புள்ளி. எதற்கு இத்தனை எண்? 1982-இல் ஏறும்போதும் 1990களின் தொடக்கத்தில் இறங்கும்போதும் ஏரி 4,200 அடியை ஒட்டித்தான் இருந்தது. மட்டத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று. முந்தைய மாதங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று பெருகும் ஏரி, மற்றது வற்றும் ஏரி. இரண்டும் எட்ட எட்டப் போய்விடும். பதினைந்து நாளைக்கொரு புள்ளி வைத்து நகர்த்திக்கொண்டே போனால் வெளியில் ஒரு பாதை உருவாகிறது. பாதை கண்டபடி எல்லா இடத்தையும் நிரப்பாமல், குறிப்பிட்ட ஓர் உருவத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால் அந்த உருவத்துக்கு அட்ராக்டர் என்று பெயர். அது எத்தனை பரிமாணத்தில் அடங்குகிறதோ, ஏரியை ஆட்டுவிக்கும் அடிப்படைக் காரணிகளும் ஏறக்குறைய அத்தனையே.

அடுத்தது முன்கணிப்பு. இன்றைய புள்ளிக்கு மிக அருகில் கடந்த நூற்றைம்பது ஆண்டில் எந்தெந்தப் புள்ளிகள் விழுந்தன என்று தேடு. அந்த அண்டைப் புள்ளிகள் அடுத்த ஆறு மாதத்தில் எங்கே போய்ச் சேர்ந்தன என்று பார். எல்லாம் ஒரே பக்கம் போயிருந்தால் ஏரியும் அந்தப் பக்கமே போகும் என்று நம்பலாம். ஆளுக்கொரு திசையில் சிதறியிருந்தால் கையை விரித்துவிடலாம். அண்டைப் புள்ளிகள் எவ்வளவு வேகமாகச் சிதறுகின்றன என்பதை அளக்கும் எண்ணுக்கு ரஷ்யக் கணிதவியலாளர் லியாபுனாவின் பெயர். அதிலிருந்துதான் 'எத்தனை நாள்' என்ற விடை கிடைக்கும்.

யூட்டாவில் இருந்த நீரியலாளர் உப்மனு லால், தன் குழுவினர் சாங்கோயோமி முதலியோருடனும், கலிஃபோர்னியாவின் இயற்பியலாளர் ஹென்றி அபர்பனெலுடனும் சேர்ந்து இந்த முறையைக் கிரேட் சால்ட் லேக்கின்மேல் ஏவினார். 1996-இல் அடுத்தடுத்துக் கட்டுரைகள் வந்தன. 1847 முதல் 1990களின் தொடக்கம் வரை, பதினைந்து நாளைக்கு ஒன்று வீதம் சுமார் 3,500 புள்ளிகள். முடிவுகள் பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தன. ஏரியின் ஆட்டம் நான்கே பரிமாணத்தில் அடங்குகிறது. லியாபுனாவ் எண்களில் ஒன்று நேர்மறை. அதாவது கேயாஸ் இருக்கிறது. முன்கணிப்பின் எல்லை சில நூறு நாட்கள். 1980களின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் மறைத்துவிட்டு, அதற்கு முந்தைய தரவை மட்டும் கொடுத்து ஓட்டிப் பார்த்தபோது, பெருமளவு பொருத்தமான கணிப்புகள் வந்தன.

சில நூறு நாட்கள் என்பது ஒரு பட்ஜெட் ஆண்டு. சாலையை உயர்த்துவதா, பம்பு வாங்குவதா என்று தீர்மானிக்கும் அரசுக்கு அது சிறிய பரிசு அல்ல. நாளை மறுநாள் மழையை உறுதியாகச் சொல்ல முடியாத வளிமண்டலம், ஓர் ஏரியின் வழியாக அடுத்த ஆண்டைச் சொல்கிறது என்றால் எப்படி? லாலும் பருவநிலை அறிஞர் மைக்கேல் மானும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தந்தது. ஏரி அன்றாட மழையின் சலசலப்பை விழுங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் நீளும் மெதுவான பருவநிலை அலைவுகளை மட்டும் வெளியே காட்டுகிறது. எல் நினோ போன்ற சில ஆண்டு அலைவுகளும், பத்துப் பன்னிரண்டு ஆண்டு அலைவுகளும் அதன் மட்டத்தில் தெரிந்தன. ஏரியை ஒரு பாரமானி என்றே அவர்கள் அழைத்தார்கள்.

விளக்கம் அழகானது. அதே விளக்கம்தான் எதிர்த்தரப்பின் ஆயுதமும்.

1984-இல் பெல்ஜியத்தின் நிக்கோலிஸ் தம்பதி, ஆழ்கடல் படிவில் இருந்த ஆக்சிஜன் ஐசோடோப்புகளைக் கொண்டு பூமியின் பருவநிலைக்கே சுமார் மூன்று பரிமாண அட்ராக்டர் இருப்பதாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பத்து லட்சம் ஆண்டுப் பருவநிலை மூன்று நான்கு மாறிகளில் அடங்குகிறதாம்! இரண்டு ஆண்டில், அதே இதழில், பீட்டர் கிராஸ்பெர்கர் அதைத் தகர்த்தார். பரிமாணத்தை அளக்கும் முறையை 1983-இல் இட்டமார் புரோக்காசியாவுடன் சேர்ந்து உருவாக்கியவரே அவர்தான் என்பது வேடிக்கை. புள்ளிகள் சில நூறுதான், அவையும் இடைநிரப்பி வழவழப்பாக்கப்பட்டவை. இதிலிருந்து எந்த அட்ராக்டரையும் நிறுவ முடியாது என்றார். கருவியைச் செய்தவரே கருவியை இப்படிப் பயன்படுத்தாதீர்கள் என்று சொன்ன பிறகும் அடுத்த பத்தாண்டில் மழையில், ஆற்றில், பனியில், ஏரியில் என்று அட்ராக்டர் வேட்டை ஓயவில்லை.

டேவிட் ருவெல் 1990-இல் ஒரு வரம்பு சொன்னார். மொத்தப் புள்ளிகளின் பத்தடிமான மடக்கையை இரண்டால் பெருக்கினால் வரும் எண்ணை விடப் பெரிய பரிமாணத்தை அந்தத் தரவு காட்டவே முடியாது. விடை அந்த வரம்பை உரசிக்கொண்டு வந்தால் சந்தேகப்படுங்கள். ஏரியின் 3,500 புள்ளிகளுக்கு வரம்பு ஏறத்தாழ 7. நான்கு என்ற விடை அதற்குள் வசதியாக அமர்ந்திருக்கிறது. ஆனால் பதினைந்து நாளில் ஏரி எவ்வளவு மாறிவிடும்? அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றின் நகல் மற்றது. உண்மையில் சுதந்திரமான தகவல் அந்த எண்ணிக்கையில் சிறு பகுதிதான். போதாததற்கு, மேய்ப்பர் ஞாபகத்திலிருந்து வந்த முதல் 28 ஆண்டில் பதினைந்து நாளைக்கொரு அளவு எங்கே இருந்தது? இடைவெளிகளை யாரோ நிரப்பியிருக்க வேண்டும். கிராஸ்பெர்கர் எச்சரித்த அதே வழவழப்பு.

இதைவிடக் கடுமையான அடி 1989-இல் விழுந்திருந்தது. ஆஸ்போர்ன், புரோவென்சாலே என்ற இரு ஆய்வாளர்கள் முழுக்க முழுக்கத் தற்செயலான, ஆனால் மெதுவான அலைவுகள் மேலோங்கிய தொடர்களைக் கணிப்பொறியில் உருவாக்கி, அதே பரிமாணக் கணக்கைப் போட்டார்கள். கேயாஸ் துளியும் இல்லாத அந்தத் தொடர்களுக்கும் சிறிய, நேர்த்தியான பரிமாணம் விடையாக வந்தது! ஏரியின் மட்டம் எப்படிப்பட்ட தொடர்? தினசரி வரத்தைக் கூட்டிக் கூட்டிச் சேமித்து, வேகமான அலைவுகளை அழித்து, மெதுவானவற்றை மட்டும் விட்டுவைக்கும் தொடர். பாரமானி என்று லாலும் மானும் பாராட்டிய குணமே, பரிமாணக் கணக்கை ஏமாற்றக்கூடிய குணம்.

மெதுவான நினைவு நீருக்கு உண்டு என்பது கேயாஸ்காரர்களுக்கு முன்பே தெரிந்த செய்தி. எகிப்தில் வாழ்நாளெல்லாம் பணியாற்றிய ஹரால்ட் ஹர்ஸ்ட், நைலின் பல நூற்றாண்டுப் பதிவுகளைப் பார்த்து, செழிப்பான ஆண்டுகள் செழிப்பான ஆண்டுகளோடும் வறண்டவை வறண்டவற்றோடும் கூட்டம் கூட்டமாக வருகின்றன என்று 1951-இல் எழுதினார். மேண்டல்பிராட் அதற்குக் கணித வடிவம் கொடுத்து, ஏழு செழிப்பும் ஏழு பஞ்சமும் சொன்ன பைபிள் பாத்திரத்தின் பெயரால் ஜோசப் விளைவு என்றார். இந்த மரபில் வந்த கிரேக்க நீரியலாளர் டெமெட்ரிஸ் கூட்சோயானிஸ், நீரியலில் கண்டதாகச் சொல்லப்படும் அட்ராக்டர்கள் பெரும்பாலும் கணக்கு முறையின் பக்கவிளைவுகளே என்று 2006-இல் விரிவாக வாதிட்டார். யூட்டாவுக்கு வடக்கே இடாஹோவில் ஒரு மலைச் சரிவின் பனியுருகு நீரோட்டத்தை வில்காக்ஸும் சகாக்களும் 1991-இல் துருவியபோது, சில பரிமாணக் கேயாஸுக்கு அங்கே சான்றே இல்லை. அப்படிப்பட்ட ஓடைகள் ஊட்டும் ஏரியில் மட்டும் அது எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு முழுமையான பதில் இன்றுவரை இல்லை.

இந்தச் சண்டையைத் தராசில் போட்டால் எந்தப் பக்கம் இறங்கும்? பரிமாணம் நான்கு என்ற எண்ணை நம்ப வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அது மூன்றாகவும் இருக்கலாம், நாற்பதாகவும் இருக்கலாம், அந்தக் கேள்விக்கே பொருள் இல்லாமலும் போகலாம். ஆனால் அண்டைப் புள்ளியைத் தேடிக் கணிக்கும் முறை அந்த எண்ணை நம்பி நிற்கவில்லை. ராபர்ட் மே என்ற சூழலியலாளரும் ஜார்ஜ் சுகிஹாராவும் 1990-இல் சொன்ன யோசனை இங்கே உதவுகிறது: பரிமாணத்தைத் துரத்தாதே, கணித்துப் பார். பக்கத்து நாட்களில் கணிப்பு நன்றாக இருந்து, தூரம் போகப் போக மங்கினால் உள்ளே ஏதோ விதி இருக்கிறது. பெல்லி சிவகுமார் போன்ற நீரியலாளர்களின் நிலைப்பாடும் ஏறக்குறைய இதுவே. 2017-இல் வந்த அவருடைய நூல், நீரியலில் கேயாஸை விதிக்கும் தற்செயலுக்கும் இடையிலான பாலமாகவே முன்வைக்கிறது. ஸ்வீடனின் மூன்று பெரிய ஏரிகளான வேனர்ன், வெட்டர்ன், மேலரன் ஆகியவற்றின் மட்டத்தை இதே நிலைவெளி முறையில் கணித்தவர்களும் தத்துவச் சண்டைக்குள் அதிகம் போகவில்லை. வேறு புள்ளியியல் முறைகளோடு ஒப்பிட்டு, எது எங்கே நன்றாகக் கணிக்கிறது என்றுதான் பார்த்தார்கள்.

முறை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் காலம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் காஸ்பியன் கடலைவிடப் பெரிய சான்று கிடையாது. பெயர்தான் கடல், வடிகாலற்ற ஏரிகளில் உலகிலேயே பெரியது அதுதான். 1929 முதல் 1977 வரை அதன் மட்டம் சுமார் 3 மீட்டர் இறங்கியது. சோவியத் பொறியாளர்கள் பதறினார்கள். கிழக்குக் கரையில் காரா-போகாஸ்-கோல் என்ற ஆழமற்ற குடா, காஸ்பியனின் நீரை உறிஞ்சி வெயிலில் ஆவியாக்கிக்கொண்டிருந்தது. அந்த வாயை அடைத்தால் கடல் மிஞ்சும் என்று கணக்குப் போட்டு 1980-இல் அணை கட்டினார்கள். ஆனால் கடலோ 1978-இலிருந்தே ஏறத் தொடங்கியிருந்தது. குடா சில ஆண்டுகளில் வறண்டு உப்புவெளியானது; அங்கிருந்து எழுந்த உப்புத் தூசி சுற்று வட்டாரத்து மண்ணைக் கெடுத்தது; அங்கே நடந்த ரசாயன உப்புத் தொழில் படுத்தது. கடலோ 1995 வரை சுமார் இரண்டரை மீட்டர் ஏறி, கரையோர ஊர்களை நனைத்தது. 1992-இல் அணையை உடைத்தார்கள். இப்போது காஸ்பியன் மறுபடி இறங்கிக்கொண்டிருக்கிறது.

யூட்டாவில் வெள்ளத்துக்குப் பம்பு, காஸ்பியனில் வறட்சிக்கு அணை. இரண்டிலும் ஒரே தவறு: போன சில ஆண்டுகளின் போக்கையே வரும் ஆண்டுகளுக்கும் கோடு இழுத்து நீட்டியது. திட்டம் போட்டு, பணம் ஒதுக்கி, கட்டி முடிக்க எடுக்கும் காலமும் ஏரி திரும்பும் காலமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. கணிப்பு எத்தனை நாளுக்குச் செல்லும் என்ற எண் கையில் இருந்திருந்தால், அதைவிட நீண்ட காலத்தை நம்பிக் கட்டுமானத்தில் இறங்கும் முன் ஒரு கணம் தயங்கியிருக்கலாம். கேயாஸ் கோட்பாட்டின் உண்மையான பயன் இந்தத் தயக்கம்தான். ஊருக்கு அது ஜோசியம் சொல்ல வந்ததல்ல.

இதற்கிடையே கிரேட் சால்ட் லேக்கே மாறிவிட்டது. 2022 நவம்பரில் மட்டம் 4,188.5 அடி; பதிவேடு தொடங்கியதிலிருந்து இவ்வளவு கீழே போனதில்லை. 1987 உச்சத்திலிருந்து 23 அடிக்கு மேல் சரிவு. 1987-இல் 6,000 சதுர கிலோமீட்டரை நெருங்கிய பரப்பு 2022-இல் 2,300 வாக்கில். வறட்சி ஒரு காரணம், பெரிய காரணம் வேறு. ஆறுகளில் ஏரிக்கு வர வேண்டிய தண்ணீரை வயலுக்கும் ஊருக்கும் தொழிற்சாலைக்கும் திருப்பிவிடுவதால் மட்டும் மட்டம் 11 அடி குறைந்திருக்கிறது என்று 2017-இல் வேய்ன் வுர்ட்ஸ்பாவும் மற்றவர்களும் 'நேச்சர் ஜியோசயன்ஸ்' இதழில் கணக்கிட்டார்கள். ஆண்டு முழுவதும் வந்துபோகும் ஏறக்குறைய ஒரு கோடிப் பறவைகளுக்கு இரையாகும் உப்புநீர் இறாலும் உப்பு ஈயும் தாங்கக்கூடிய உப்பு அளவின் விளிம்புக்கே 2022-இல் நீர் வந்திருந்தது.

அண்டைப் புள்ளி முறைக்கு இது நேரடியான சிக்கல். முறையின் உயிர் பழைய பதிவேட்டில் இருக்கிறது: இன்றைக்கு நிகரான ஒரு நாள் முன்பு எப்போதாவது இருந்திருக்க வேண்டும். 4,188 அடிக்கு நிகர் நூற்றெழுபத்தைந்து ஆண்டில் இல்லை. அட்ராக்டர் என்று ஒன்று இருந்திருந்தாலும் வாய்க்கால்களும் தோட்டங்களும் அதன் உருவத்தை நகர்த்திவிட்டன. ஏரியின் நடுவே 1959-இல் போட்ட ரயில் கரை அதை வடக்கு, தெற்கு என்று இரண்டு ஏரியாகவே பிரித்துவிட்டது. வடக்குப் பகுதி உப்பு முற்றி இளஞ்சிவப்பாகக் கிடக்கிறது. 1984-இல் வெள்ளத்துக்காகக் கரையை ஓரிடத்தில் உடைத்தார்கள், 2016-இல் வேறோரிடத்தில் புதிய திறப்பு வைத்தார்கள். இந்தத் தலையீடுகள் ஒவ்வொன்றும் முந்தைய பாதைகளை ஓரளவு செல்லாக்காசாக்குகிறது.

2023-இன் தொடக்கத்தில் நடந்தது இரண்டு தரப்புக்கும் பாடம். ஜனவரியில் பிரிகம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் வந்த அறிக்கை, நீர் எடுப்பு இப்படியே நீடித்தால் ஐந்தே ஆண்டில் ஏரி இல்லாமல் போகும் என்று எச்சரித்தது. வார்த்தைகளைக் கவனிக்க வேண்டும்: 'இப்படியே நீடித்தால்'. அடுத்த சில மாதங்களில் யூட்டா மலைகளில் பதிவேட்டிலேயே அதிகமான பனி கொட்டியது. உருகினால் 30 அங்குல நீர். ஜூனுக்குள் ஏரி ஐந்தடிக்கு மேல் ஏறியது. எச்சரிக்கை பொய்த்தது என்று சிலர் சிரித்தார்கள். சில ஆண்டுக்குள் மட்டம் மறுபடி இறங்கிவிட்டது. ஓர் ஆண்டின் பனி கேயாஸின் கணக்கில் வரும். ஆற்றை மறிக்கும் மதகு மனிதர் கணக்கில் வரும். இரண்டையும் ஒரே கோட்டில் போட்டுப் பார்த்ததால் வந்த சிரிப்பு அது.

இன்றைய ஆய்வுகள் போகும் திசையும் இதை ஒட்டியதே. 2005-இல் லாலும் பாலாஜி ராஜகோபாலன் முதலியோரும் வெளியிட்ட முறை, ஒற்றை எண்ணைக் கணிப்பாகச் சொல்லாமல், பல நிலைவெளி அமைப்புகளில் ஓட்டி ஒரு கொத்துக் கணிப்பைத் தருகிறது. கொத்து நெருக்கமாக இருந்தால் துணிந்து நடக்கலாம், விரிந்தால் பொறுக்க வேண்டும். ஒரே ஏரி சில பருவங்களில் எளிதாகவும் சில பருவங்களில் கணிக்கவே முடியாததாகவும் இருக்கும் என்பதை இது வெளிப்படையாகக் காட்டுகிறது. சமன்பாடே இல்லாமல் கேயாஸ் தொடர்களைக் கற்றுக்கொள்ளும் இயந்திரக் கற்றல் முறைகளும் வந்துவிட்டன. அவற்றுக்கும் தீனி அதே பழைய பதிவேடுதான். புதிய மூளை வந்தாலும் 4,188 அடியில் முன்னுதாரணம் இல்லாத குறை தீராது. அதனால் ஆற்று வரத்து, பாசன எடுப்பு, உப்படர்வு, ஆவியாதல் ஆகியவற்றை வெளிப்படையாகக் கணக்கில் கொள்ளும் இயற்பியல் மாதிரியும், பனிப்படிவை வசந்தத்தில் அளந்து திருத்தும் வழக்கமும் இதோடு சேர வேண்டியிருக்கிறது.

ஏரியை நிர்வகிப்பவர்களுக்குத் தேவைப்படும் முடிவுகளும் இந்த அளவுக்குச் சிறியவைதான். 2023 பிப்ரவரியில் யூட்டா ஆளுநர் ரயில் கரையின் திறப்பில் இருந்த தடுப்பை ஐந்தடி உயர்த்த உத்தரவிட்டார். பனியுருகு நீர் வரும்போது அது வடக்குப் பகுதிக்குப் போய்விடாமல் தெற்கிலேயே தங்கினால், இறால் வாழும் அளவுக்கு உப்பு தணியும் என்பது எண்ணம். தடுப்பின் தலை 4,192 அடியில் நின்றது. அந்தக் கோடையில் தண்ணீர் 4,194 அடியைத் தொட்டு அதன்மேல் வழிந்தது. கல்லைப் போட்டு உயர்த்தலாம், தோண்டித் தாழ்த்தலாம். சில வாரத்து வேலை. மூன்று மாதத்துக்கு அப்பால் பார்க்கும் கணிப்பு ஒன்று இருந்தால் எந்த வசந்தத்தில் எவ்வளவு உயரம் என்று தீர்மானிக்க அது போதும்.